மேலவையின் ஆக்கமும் அமைப்பும்: சென்னை மாநில வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டாம் அவையை நாம் ‘மேலவை’ என வழங்குகின்றோம். ‘மேல்சபை’ என்பது முன்னை வழக்கு. ‘கவுன்சில்’ என்பது அலுவலக வழக்கு. இந்திய அரசியலமைப்பின் 168ஆம் பிரிவை ஊன்றி நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். ஆண்டு மேல் என்றோ கீழ் என்றோ ஒரு சொல்லும் இல்லை. இரண்டு அவைகள் உள்ளவிடத்து ஒன்று லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில் எனவும் மற்றொன்று லெஜிஸ்லேட்டிவ் அசெம்பிளி எனவும் பெயர்பெறும் என்ற அளவிலேயே அப்பிரிவு அமைகின்றது. ‘மேல்’ என்னும் அடை பிரிட்டானிய வழக்கினின்று போந்தது. பிரபுக்கள் அமர்ந்த அவை அந்நாட்டில் மேலவை எனப்பட்டது. பிரபுக்கள் இல்லாத நம் நாட்டிலும் அப்பெயரே நின்றுவிட்டது.

அடைமொழி வந்தபின் அதற்கு ஒரு பொருள் வேண்டுமன்றோ? ‘அவை அறிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்த திருக்குறளைப் பயின்ற மரபினராகிய தமிழர், ‘மேல்’ என்பதற்குச் சான்றாண்மை என்றே பொருள் கொண்டனர். கற்றோரும் கலைஞரும் அமர்ந்து, தேர்தல் ஆரவாரத்துக்கு அப்பால் நின்று, கீழவையின் விரைவைத் தணிக்கும் இடம் என்பதே மேலவையைப் பற்றித் தமிழாசிரியர் பலர் நெஞ்சில் இன்றும் உள்ள ஓவியம். இவ்வோவியம் உண்மைக்கு எத்துணை நெருங்கியது என்பதை, அவ்வவை ஆக்கப்பட்ட முறையையும் அதன் உறுப்பினர் தெரிந்தெடுக்கப்பட்ட முறையையும் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தகுதி நோக்கி அவையினரைத் தெரிதல் தமிழகத்துக்குப் புதிதன்று. பாண்டியன் மாறன்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட மானூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபையில் இருந்து செயலாற்றுவார் நிலப்பங்கு உடையராதலோடு கல்வியும் ஒழுக்கமும் உடையராதல் வேண்டும் என விதிக்கின்றது. எடுத்ததற்கெல்லாம் மறுப்புரைத்துச் சபையின் செயலைத் தடுப்பார்க்கு ஐந்து காசு தண்டமும் அது கூறுகின்றது. (இத்தண்டம் இக்காலத்தும் இருப்பின் அரசின் வருவாய் பெருகும் என மாணவர் நகைப்பதுண்டு.) முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் இரண்டும், கி.பி. 919இலும் 921இலும், வாரிய உறுப்பினர்க்கு வயதும் நிலமும் கல்வியும் வரையறுத்தன. கணக்குக் காட்டாதாரை விலக்கின. இவற்றை இக்கால மேலவையின் முன்னோடி எனக் கூறுவாரும் உளர். அக்கூற்று பொருந்தாது. அவை ஓரூர்ப் பிராமணச் சபையின் விதிகள். நாட்டின் சட்டமியற்றும் இரண்டாம் அவைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. ஆயினும் ஒரு வேற்றுமை ஈண்டுக் கருதற்பாலது. மானூரிலும் உத்தரமேரூரிலும் தன் உறுப்பினர் இன்னார் என்பதை அச்சபையே கூடி வரையறுத்தது. நம் மேலவை ஒருநாளும் தன்னைத் தானே ஆக்கிக் கொண்டதன்று. ஆக்கியதும் பிறர் கை. அழித்ததும் பிறர் கை. இவ்வேற்றுமையே இவ்வாய்வுக்கு அடிப்படையாகும்.

சென்னை மாகாணத்தில் சட்டமியற்றும் கவுன்சில் என ஒன்று 1861ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில் சட்டத்தால் உருவாயிற்று. ஆளுநரின் நிருவாகக் குழுவோடு நான்கு முதல் எட்டுப் பேர் வரை நியமன உறுப்பினர் சேர்க்கப்பட்டனர். 1892, 1909ஆம் ஆண்டுச் சட்டங்கள் அத்தொகையைப் பெருக்கின. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கவுன்சிலில் 132 உறுப்பினர் இருந்தனர். அவருள் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டோர். நீதிக்கட்சி அமைச்சரவைகள் இயங்கியதும், முத்துலட்சுமி ரெட்டியார் உறுப்பினராகித் துணைத்தலைவர் பதவி பெற்றதும் இக்கவுன்சிலிலேயாம்.

இவ்விடத்து முதுகலை மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை கூறுதல் தகும். 1937க்கு முற்பட்ட ஆவணங்களிலும் வாழ்க்கை வரலாறுகளிலும் ‘கவுன்சில் மெம்பர்’ எனக் காணப்படுவோரை மேலவை உறுப்பினர் எனக் குறித்தல் பிழை. அக்காலத்து மாகாணத்தில் இருந்தது ஓரவையே. அதன் பெயர் கவுன்சில் என்பதனால் அஃது இரண்டாம் அவை ஆகிவிடாது. பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் நிற்கும் இம்மயக்கத்தால், முத்துலட்சுமி ரெட்டியாரை ‘மேலவை உறுப்பினர்’ எனக் குறிக்கும் ஆய்வேடுகளையும் காண நேர்ந்தது.

இரண்டாம் அவை உண்மையிற் பிறந்தது 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தால். சென்னை, பம்பாய், வங்காளம், ஐக்கிய மாகாணம், பீகார், அசாம் ஆகிய ஆறு மாகாணங்களுக்கு மட்டும் அச்சட்டம் ஈரவைகளை வகுத்தது. சென்னையில் 1937இல் அசெம்பிளி 215 பேரைக் கொண்டதாகவும், கவுன்சில் 54க்குக் குறையாமலும் 56க்கு மிகாமலும் உறுப்பினரைக் கொண்டதாகவும் அமைந்தன. கவுன்சிலின் இடங்கள் பொதுத் தொகுதி 35, முசுலிம்கள் 7, இந்தியக் கிறித்தவர் 3, ஐரோப்பியர் 1 எனப் பகுக்கப்பட்டன. எஞ்சிய எட்டு முதல் பத்து இடங்களை ஆளுநர் நிரப்பினார். அவை கலைக்கப்படாதது, மூவாண்டுக்கு ஒருமுறை மூன்றிலொரு பங்கினர் விலகுவர்.

இவ்வமைப்பில் கல்விக்கென ஓரிடமும் ஒதுக்கப்படவில்லை என்பதை நோக்குக. பிரிவினை சமயத்தாலும் இனத்தாலும் அமைந்தது. வாக்குரிமை செல்வத்தையும் பதவியையும் ஒட்டியது. வியப்பு யாதெனின், பல்கலைக்கழகத் தொகுதி அசெம்பிளியில் இருந்தது. 1937இல் முதலமைச்சரான இராசாசி அத்தொகுதியினின்றே தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஆகலின் கற்றோர்க்குரிய இடம் முதலில் ‘கீழ்’ அவையிலேயே வகுக்கப்பட்டது எனக் கூறுதல் தவறாகாது.

விடுதலைக்குப்பின் அரசியல் நிருணய சபையில் மாநிலங்களுக்கு இரண்டாம் அவை வேண்டுமா என்னும் வினா எழுந்தபோது, பொதுவான ஒரு கொள்கை வகுக்கப்படவில்லை. ஒவ்வொரு மாகாணத்தினின்றும் வந்த உறுப்பினர் தம் மாகாணத்துக்கு அது வேண்டுமா எனத் தனித்தனியே கூடி முடிவு செய்தனர். சென்னை உறுப்பினர் வேண்டும் என்றனர். சட்ட வரைவுக் குழுத் தலைவர் அம்பேத்கரும் இதனை ஒரு சோதனை முயற்சி என்ற அளவிலேயே ஆதரித்துப் பேசினார். நிலைத்த உறுப்பாக ஓர் அவையை அமைக்குங்கால் அதனைச் சோதனை என அமைத்தவரே கூறுவது அரிய நிகழ்ச்சி.

அச்சோதனை மனப்பான்மையின் விளைவே 169ஆம் பிரிவு. மேலவை உள்ள மாநிலத்தில் அதனை ஒழிக்கவோ, இல்லாத மாநிலத்தில் ஆக்கவோ வேண்டின், அம்மாநிலச் சட்டப்பேரவை அதன் மொத்த உறுப்பினரிற் பெரும்பான்மையோரும், வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினர்க்குக் குறையாதோரும் இசைந்து தீர்மானம் இயற்றவேண்டும். அதன்பின் நாடாளுமன்றம் சாதாரணச் சட்டம் ஒன்றால் அதனை நிறைவேற்றலாம். அச்சட்டம் அரசியலமைப்புத் திருத்தம் எனக் கருதப்படாது. ஒழிக்கப்படும் அவையின் கருத்தைக் கேட்கவேண்டும் என்னும் விதியும் இல்லை. எந்த அவையின் செயலைச் சீர்தூக்க மேலவை அமைந்ததோ அந்த அவையின் விருப்பத்திலேயே அதன் உயிர் தங்கியிருக்கின்றது.

இனி உறுப்பினர் அமைப்பை நோக்குவோம். 171ஆம் பிரிவின்படி மேலவையின் தொகை நாற்பதுக்குக் குறைதல் கூடாது. பேரவையின் தொகையில் நான்கிலொன்றுக்கு மிகுதலும் கூடாது என்பது முதல் விதி. 1956இல் ஏழாம் திருத்தம் அதனை மூன்றிலொன்றாக உயர்த்தியது. சென்னையில் 1952இல் 72ஆக இருந்த தொகை, 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது 51ஆகக் குறைந்து, 1957ஆம் ஆண்டுச் சட்டத்தால் 63ஆக நிலைபெற்றது. அவ்வறுபத்து மூவருள் 21 பேரை உள்ளாட்சி மன்ற உறுப்பினரும், 21 பேரைச் சட்டப்பேரவை உறுப்பினரும், அறுவரைப் பட்டதாரிகளும், அறுவரை ஆசிரியரும் தேர்ந்தெடுத்தனர். ஒன்பதின்மரை ஆளுநர் நியமித்தார்.

இக்கணக்கை விரித்துக் காண்டல் பயனுடையது. பேரவையினர் தேர்ந்தெடுக்கும் 21 இடங்களுள் ஈராண்டுக்கு ஒருமுறை ஏழு காலியாகும். தேர்தல் ஒற்றை மாற்று வாக்கு முறையில் அமைந்த விகிதாசாரத் தேர்தல். 234 உறுப்பினர் வாக்களித்து எழுவரைத் தெரியுங்கால், 234ஐ எட்டால் வகுத்து வரும் எண்ணைச் சற்றே கடந்தால் போதும். அஃதாவது முப்பது முதல் வாக்குப் பெற்றவர் வெற்றி பெறுவர். எனவே 150 உறுப்பினரை உடைய கட்சி ஐந்திடம் பெறும். அறுபது பேரை உடைய கட்சி இரண்டிடம் பெறும். பேரவையின் கட்சி நிலை மேலவையில் அவ்வாறே நிழலாடும் என்பது இதனால் விளங்கும். உள்ளாட்சி மன்றத்தினர் தேரும் 21 இடங்களும் கட்சிச் சார்பிற்கு அப்பாற்பட்டனவல்ல. ஆளுநர் நியமனம் அமைச்சரவையின் அறிவுரைப்படி நிகழ்வது. ஆக, 63இல் 51 இடங்கள் ஏதேனும் ஒரு வழியால் கட்சியின் கைப்பட்டவை. கல்வியைத் தகுதியாக உடையார் தாமே தேர்ந்தனுப்பும் இடங்கள் எஞ்சிய பன்னிரண்டே.

அப்பன்னிரண்டின் வாயிலும் யாவர்க்கும் திறந்ததன்று. பட்டதாரித் தொகுதியில் வாக்களிக்கப் பட்டம் பெற்று மூவாண்டு கழிந்திருத்தல் வேண்டும். அல்லது பட்டத்துக்கு நிகரெனக் குறிக்கப்பட்ட தகுதி வேண்டும். ஆசிரியர் தொகுதியிலோ, உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத கல்வி நிலையத்தில் மூவாண்டு பணியாற்றியோர்க்கே வாக்கு. அரிச்சுவடி கற்பிக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர் இக்கணக்கில் ஆசிரியரே அல்லர்.

கண்மாய்ப் பாசன வயல்களுக்கிடையே பஞ்சாலையும் தொழிற்பேட்டையும் எழுந்த கப்பலூரில் என் இல்லத்துக்கு அண்மையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்கின்றார். உயர்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றியவர். மேலவைத் தேர்தலில் வாக்களித்த நினைவைக் கேட்டபோது அவர் கூறியது இது: ‘பேரவைத் தேர்தலில் முத்திரை குத்துவோம், மேலவைக்கோ பெயர்களுக்கு நேரே ஒன்று, இரண்டு, மூன்று என எண் எழுதவேண்டும். எனக்குப் பட்டதாரி என ஒரு சீட்டு, ஆசிரியர் என ஒரு சீட்டு, ஊரார் எல்லாரோடும் பேரவைக்கு ஒரு சீட்டு. என் தம்பி வயலில் நின்றான்; அவனுக்கு ஒன்றே.’ ‘அது முறையெனப்பட்டதா ஐயா?’ என வினவினேன். ‘அன்று பெருமையெனப்பட்டது’ என விடையிறுத்தார். அவர் இல்லத்தின் திண்ணையில் அத்தம்பியும் உடனிருந்தார், ஒன்றும் கூறினாரல்லர்.

நியமன இடங்களின் வரலாறு வேறொரு திறத்தது. இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூகத் தொண்டு ஆகியவற்றில் தனியறிவோ பட்டறிவோ உடையோரை ஆளுநர் நியமிக்கலாம் என்பது விதி. இவ்விதியின் முதற்பெரும் பயன்பாடு 1952இல் நிகழ்ந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் 375 இடங்களுள் காங்கிரசு 152 இடங்களே பெற்றது. ஆட்சியமைக்க வேண்டிய பெரும்பான்மை எக்கட்சிக்கும் இல்லை. தேர்தலில் நில்லாத இராசாசியை ஆளுநர் சிறீபிரகாசா மேலவை உறுப்பினராக நியமித்தார்; 1952 ஏப்பிரல் 10இல் அவர் முதலமைச்சரானார். இந்நியமனத்தை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தவர் பொதுவுடைமைக் கட்சியின் பி. இராமமூர்த்தி. அவர் சிறையிலிருந்தவாறே மதுரை வடக்குத் தொகுதியில் நின்று வென்றவர். அம்மனு தள்ளுபடியாயிற்று.

இவ்வழக்கின் சட்ட நுணுக்கம் எவ்வாறாயினும், மதுரையார் ஒருவர் எழுப்பிய அவ்வினாவின் உட்பொருள் இன்னும் தீர்ந்ததன்று. மக்கள் வாக்கினைப் பெற்று வந்தவர் எதிர்க்கட்சி வரிசையில். ஒருவர் வாக்கும் பெறாதவர் முதலமைச்சர் இருக்கையில். ஆயின், இலக்கியத் தகுதி என்னும் விதிக்கு இராசாசி பொருந்தாதவர் எனக் கூறுதலும் இயலாது. 1958இல் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ நூலுக்குச் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றவர் அவர். தகுதி மெய், நியமித்த காரணம் அத்தகுதியன்று. புலவர்க்கென விட்ட இருக்கையில் ஒரு புலவரே அமர்ந்தும், அஃது ஆட்சிக்குரிய வாயிலாகிய விந்தையை வரலாறு ஈண்டுக் காட்டுகின்றது. 1954இல் அவர்பின் முதலமைச்சரான காமராசர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று பேரவைக்கு வந்தமை இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது. 1967இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த அண்ணாவோ முதலமைச்சரானபின் மேலவையையே தேர்ந்தார். நியமனத்தால் அன்று, தேர்தலால் உறுப்பினரானார்.

மேலவையால் தமிழுக்கு ஒரு பெருமையும் இல்லை எனக் கூறின் அது நன்றிமறத்தல் ஆகும். நாமக்கல் கவிஞர் இராமலிங்கனார் அவ்வவையில் இருந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கிய இலட்சுமணசாமி முதலியார் இருந்தார். சிலம்புச் செல்வர் ம.பொ.சி. 1978 முதல் அவை ஒழியும் வரை தலைவராக வீற்றிருந்தார். துணைத்தலைவராகப் புலவர் புலமைப்பித்தன் இருந்தார். சிலப்பதிகாரத்தை மக்கள் மன்றத்துக்குக் கொணர்ந்த ம.பொ.சி. பள்ளியிற் பயின்றது மூன்றாம் வகுப்பு வரையே. அவர் தலைமை தாங்கிய அவையின் பட்டதாரித் தொகுதியில், பட்டம் என்னும் வாயிலால் வாக்களிக்க அவர்க்கே உரிமையில்லை. புலமையைப் பட்டத்தால் அளக்கும் விதியின் குறைபாட்டை இதனினும் தெளிவாக எடுத்துக்காட்டல் அரிது. ஆசிரியர் மன்றங்கள் மேலவை மீண்டும் வேண்டும் எனத் தீர்மானம் இயற்றுங்கால் இப்பெயர்களையே சான்றாகக் கூறுகின்றன. இப்பெருமக்களுட் பலர் அரசியல் இயக்கங்களின் வழியாகவே அவ்விடம் எய்தினர் என்பதை அத்தீர்மானங்கள் கூறுவதில்லை.

அதிகாரத்தை நோக்கின், 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஈரவைகளும் முரணுங்கால் கூட்டுக்கூட்டம் கூட்ட வழியிருந்தது. 1950க்குப் பின் அதுவும் இல்லை. பேரவை இயற்றிய மசோதாவை மேலவை முதன்முறை மூன்று திங்களும், பேரவை மீண்டும் இயற்றியனுப்பின் மேலும் ஒரு திங்களும் நிறுத்திவைக்கலாம்; நிதி மசோதாவாயின் பதினான்கு நாள். அதற்குமேல் அதனால் ஒன்றும் இயலாது. மேலவையில் தோன்றிய மசோதாவைப் பேரவை மறுப்பின் அது மறைந்தொழியும்.

எனினும் மேலவைக்குக் கலைப்பில்லாமையாலும், ஈராண்டுக்கு மூன்றிலொரு பங்கினரே மாறுவதாலும், பேரவையில் ஆட்சி மாறிய பின்னும் பழைய கட்சியின் குரல் சில ஆண்டு மேலவையில் ஒலிக்கும். 1967இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தபின்னும் காங்கிரசுக் காலத்துத் தலைவராகிய மாணிக்கவேலு நாயகர் 1970 வரை தலைவராகத் தொடர்ந்தார். ஆட்சியினர்க்குப் பிணக்கு விளைத்தது மேலவையின் அதிகாரமன்று. நேற்றைய தேர்தலின் நினைவை அது சுமந்து நின்றமையே.

உள்ளாட்சித் தொகுதி இதனினும் தளர்ந்த காலை உடையது. ஊராட்சித் தேர்தல்கள் 1970க்குப்பின் 1986 வரை நடைபெறவில்லை. மன்றங்கள் முறையாக அமையாத காலத்து, அவற்றின் பெயரால் அவையின் மூன்றிலொரு பங்கு நிரம்புவது எங்ஙனம்? 1986இல் தேர்தல் நடந்தபோது நகராட்சிகளுட் பெரும்பாலானவற்றைத் தி.மு.க. வென்றது. அடுத்து வரும் மேலவைத் தேர்தலில் இவ்வெற்றி எதிரொலிக்கும் என்பது கணக்கறிந்தார்க்குத் தெளிவு. மு. கருணாநிதி 1984 முதல் மேலவை உறுப்பினராகவும் இருந்தார். 1986ஆம் ஆண்டிலேயே திரைக்கலைஞர் ஒருவரை மேலவைக்கு நியமிப்பது பற்றி, கடன் தீர்க்கவியலா நிலை காரணமாகச் சிக்கல் எழுந்தது. பலரும் இச்சிக்கல் ஒன்றையே மேலவை ஒழிப்புக்குக் காரணமாகக் கூறுவர். அதனை உடனடித் தூண்டுதல் எனக் கொள்ளலாம். முழுக் காரணமாகக் கொள்ளுதல், முன்னர்க் கூறிய உள்ளாட்சித் தேர்தல் முடிவைக் காணாது விடுவதாகும் என்பது என் கருத்து.

1986 மே 14இல் பேரவை ஒழிப்புத் தீர்மானம் இயற்றியது. நாடாளுமன்றம் சட்டம் செய்தது. 1986 நவம்பர் 1 முதல் மேலவை இல்லையாயிற்று. தீர்மானத்தின் பின்நின்ற முதலமைச்சர் எம்.ஜி.ஆர்., 1962 முதல் 1964 வரை அதே மேலவையில் உறுப்பினராக இருந்தவர்.

பின்னை வரலாறு ஊசலாட்டமே. 1989இல் மீட்புத் தீர்மானம். மாநிலங்களவை அதற்கான மசோதாவை 1990இல் ஏற்றும், மக்களவையில் அது நிறைவேறவில்லை. 1991இல் மறுப்புத் தீர்மானம். 1996இல் மீண்டும் வேண்டும் என்றனர். 2001இல் வேண்டா என்றனர். 2010 ஏப்பிரலில் இயற்றிய தீர்மானத்தைத் தொடர்ந்து மே திங்களில் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. அதன்படி அவைக்கு 78 இடங்கள்: உள்ளாட்சிக்கு 26, பேரவையினர்க்கு 26, பட்டதாரிக்கு 7, ஆசிரியர்க்கு 7, நியமனம் 12. தொகை பெருகியும் கற்றோரின் பங்கு பன்னிரண்டினின்று பதினான்காக மட்டுமே உயர்ந்தது. தேர்தல் ஏற்பாடுகள் தொடங்கி வழக்குகளால் தடைப்பட்டன. 2011 சூனில் புதிய பேரவை மறுப்புத் தீர்மானம் இயற்ற, 2012இல் அச்சட்டத்தை நீக்கும் மசோதா மாநிலங்களவையில் வைக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த அவை ஒருநாளும் கூடவில்லை.

இந்நிலை தமிழ்நாட்டுக்கே உரியதன்று. மேற்கு வங்காளம் 1969இலும் பஞ்சாபு 1970இலும் மேலவையை நீக்கின. ஆந்திரத்தில் 1958இல் தோன்றி, 1985இல் நீங்கி, 2007இல் மீண்டது. 2020இல் ஒழிக்கத் தீர்மானித்த பேரவையே 2021இல் அத்தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. மத்தியப் பிரதேசத்துக்கு 1956ஆம் ஆண்டுத் திருத்தம் மேலவை ஒன்றை வகுத்தும், அஃது அமைக்கப்படாமலே நின்றது. ஆந்திரமும் தமிழ்நாடும் காட்டுவது ஒன்றே: தீர்மானங்களின் திசையைத் தீர்மானித்தது பேரவையில் அமர்ந்த கட்சி. மேலவை பயனுடைத்தா என்னும் ஆராய்ச்சி அதன்பின் வந்தது, அல்லது வரவேயில்லை.

முற்கூறிய கப்பலூர் ஆசிரியர் 2010இல் மீண்டும் பெயர் பதிவுக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுத்ததாகக் கூறினார். பட்டச் சான்றிதழின் படி ஒன்றும் உடன் இணைத்தாராம். பட்டியலில் தம் பெயர் ஏறியதா என்பதை அவர் பின்னர்ச் சென்று பார்க்கவில்லை. படிவத்தின் மறுபடி மட்டும், பழைய பஞ்சாங்கங்களோடு அவர் பெட்டியில் உள்ளது.